பழைய ரப்பரின் வரலாறு

நேயர்களே, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு என் இளமைக் காலத்தில் ஒரு வாகனம் இருந்தது. அதற்குக் குதிரையும் வேண்டுவதில்லை, பெட்ரோலும் வேண்டுவதில்லை. தேய்ந்து வழவழப்பான பழைய சைக்கிள் டயர் ஒன்றும், முழ நீளக் குச்சி ஒன்றும் கிடைத்துவிட்டால் போதும். தெருக்கோடியிலிருந்து குளக்கரை வரையில் அதனை ஓட்டிச் செல்பவன் தன்னை ஒரு லாரியின் சாரதியாகவே எண்ணிக்கொள்வான். லாரியின் பழைய டியூப் கிணற்றில் நீந்தக் கற்பவனுக்கு மிதவையாயிற்று. டயரோ செருப்புத் தைப்பவர் கையில் அறுபட்டு, முள்ளுக்கும் கல்லுக்கும் அஞ்சாத அடித்தோலாயிற்று. இவற்றையெல்லாம் கழிவுப்பொருள் என்று அழைக்கலாம் என்பதே அந்நாளில் எங்களுக்குத் தெரியாது.

இன்று 'சுழற்சிப் பொருளாதாரம்' என்னும் சொற்றொடரை நீங்கள் பாடநூல்களில் காண்கிறீர்கள். மண்ணிலிருந்து எடுத்ததைச் செய்து, பயன்படுத்தி, எறிந்துவிடுவதோடு நில்லாமல், எறிந்ததை மீண்டும் தொழிலுக்குள் கொண்டுவருவதே அதன் பொருள். சொல் புதியது, ஆனால் செயல் பழையது. ரப்பரைப் பொறுத்தவரையில் அது தொழிலோடு உடன்பிறந்தது என்றே சொல்லலாம். அந்த வரலாற்றைச் சற்று விரித்துக் கூறுவதே என் நோக்கம். அதில் வேதியியல் உண்டு, போர் உண்டு, நம் தமிழ் மக்களின் வியர்வையும் உண்டு.

1820-ஆம் ஆண்டு. லண்டன் நகரில் தாமஸ் ஹான்காக் என்பவர் ரப்பர்ப் பாளங்களை மெல்லிய நாடாக்களாக அறுத்து, கையுறைகளுக்கும் காலுறைக் கட்டுகளுக்கும் விற்றுவந்தார். அறுத்தபின் எஞ்சும் துண்டுகள் குவிந்துகொண்டே போயின. தொலைவிலிருந்து கப்பலில் வரும் பொருளாயிற்றே, எறிய மனம் வருமா? துண்டுகளை இன்னும் சிறிதாகக் கிழித்தால் ஒன்றோடொன்று ஒட்டுமோ என்று எண்ணி, உள்ளே பற்கள் பதித்த மரத்தாலான உருளைப் பொறி ஒன்றைச் செய்து, துண்டுகளை அதில் இட்டுக் கையால் சுழற்றினார். கிழிந்து சிதறும் என்று எதிர்பார்த்தவர் உள்ளே கண்டது வேறு. துண்டுகள் அனைத்தும் சூடேறி, மிருதுவாகி, ஒரே உருண்டையாகத் திரண்டிருந்தன! தம் தொழில் மறையை அயலார் அறிந்துவிடக் கூடாதென்று அப்பொறிக்கு 'ஊறுகாய்' என்று பொருள்படும் பொய்ப்பெயர் ஒன்றை அவர் இட்டு வைத்தார். பதினேழு ஆண்டுகள் கழித்தே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆக, ரப்பர்த் தொழிலின் முதற்பெரும் பொறியே கழிவை மீட்கும் ஆசையிலிருந்து பிறந்தது. இதனை வரலாற்று நூல்கள் போதிய அளவு எடுத்துரைப்பதில்லை என்பது என் குறை.

ஆனால் அந்நாளைய ரப்பரிடம் ஒரு பெரும் குறை இருந்தது. கோடையில் உருகிப் பிசுபிசுக்கும். குளிர்காலத்தில் விறைத்து ஒடியும். அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் என்பவர் இதற்கு மருந்து தேடித் தம் உடைமையெல்லாம் இழந்தார். கடனுக்காகச் சிறையும் சென்றார். அரசாங்கத்துக்கு அவர் செய்து கொடுத்த அஞ்சல் பைகள் வெயிலில் உருகிப் போயின. 1839-ஆம் ஆண்டு, கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பின்மேல் பட்டபோது, அது உருகாமல் தோல்போல் உறுதிப்பட்டதை அவர் கண்டார். 1844-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் காப்புரிமை பெற்றார். 1860-ஆம் ஆண்டு இறக்கும்போதும் அவர் கடனாளியாகவே இருந்தார்.

மாணவர்களே, இவ்விடத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டும். நம் கதையின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. ரப்பர் என்பது நீண்ட நூலிழைகள் போன்ற மூலக்கூறுகளால் ஆனது. பச்சை ரப்பரில் அவ்விழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடும். கந்தகத்தைக் கலந்து சூடாக்கினால், இழைக்கும் இழைக்கும் இடையே கந்தக அணுக்கள் பாலம் போட்டுவிடுகின்றன. பின்னர் அவை வழுக்கா. இழுத்தால் நீளும், விட்டால் மீளும். ரப்பருக்கு உறுதி தந்தது இப்பாலமே. அதனை மீண்டும் உருக்க முடியாமற் செய்ததும் இப்பாலமே. இரும்பை உருக்கலாம், கண்ணாடியை உருக்கலாம், மெழுகை உருக்கலாம். கந்தகம் ஏறிய ரப்பரைச் சூடாக்கினால் அது கருகும், எரியும், உருகி வார்ப்புக்கு மட்டும் வாராது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்று நம் கிராமத்துப் பெரியவர்கள் சொல்வார்களே, அதே நிலைதான். ஹான்காக்கின் ஊறுகாய்ப் பொறி பச்சை ரப்பரைத் திரட்டிற்று. சுட்ட ரப்பரிடம் அது தோற்றது.

எனவே குட்இயரின் வெற்றிக்குப் பின் ஒரு தலைமுறை முழுவதும், சுட்ட ரப்பரைப் பச்சை ரப்பராக்கும் வழியைத் தேடிற்று. 1858-ஆம் ஆண்டில் ஹைரம் ஹால் என்ற அமெரிக்கர், பழைய ரப்பரைப் பொடித்து நீராவியில் நெடுநேரம் வேகவைத்தால் அது மிருதுவாகிப் புதிய ரப்பரோடு கலக்க இசைகிறது என்று கண்டார். அக்காலத்தில் மோட்டார் டயர் ஏது? மழைக்கும் பனிக்கும் அணியும் ரப்பர்க் காலணிகளே கச்சாப்பொருள். பழைய துணியும் எலும்பும் வாங்கும் தெரு வணிகர், கிழிந்த ரப்பர்ச் செருப்புகளையும் வீடுவீடாகத் திரட்டினர். ஆனால் அக்காலணிகளின் உள்ளே பருத்தித் துணி ஒட்டியிருக்குமன்றோ? அதனைப் பிரிக்க 1881-ஆம் ஆண்டு பிலடெல்பியாவைச் சேர்ந்த சாப்மன் மிட்செல் அமிலத்தைக் கையாண்டார். அமிலம் பஞ்சைத் தின்றது, ரப்பரை விட்டது. 1899-ஆம் ஆண்டு ஆர்தர் மார்க்ஸ் என்பவர் அமிலத்துக்குப் பதிலாகக் காரத்தை எடுத்துக்கொண்டார். பொடித்த ரப்பரைக் காரநீரோடு பெரிய கொப்பரையில் மூடி, அழுத்தத்தில் வேகவைத்தார். பஞ்சும் அழிந்தது, பிணையாமல் எஞ்சிநின்ற கந்தகமும் நீங்கிற்று. இம்முறை நெடுங்காலம் இத்தொழிலை ஆண்டது. இவ்வாறு கிடைப்பதற்கு 'மீட்பு ரப்பர்' என்று பெயர்.

அது புதிய ரப்பருக்கு ஈடாகுமா? ஆகாது. இழைகளின் பாலங்களை அறுக்கப் போன வெப்பம் இழைகளையே பல இடங்களில் அறுத்துவிடுகிறது. எனவே மீட்பு ரப்பருக்கு வலிமையும் நெகிழ்ச்சியும் குறைவு. தனியே அதனைக் கொண்டு நல்ல டயர் செய்ய இயலாது. ஆனால் புதிய ரப்பரோடு அளவறிந்து கலந்தால் பிசைவது எளிது, செலவும் குறைவு. செருப்பின் அடி, தரைவிரிப்பு, குழாய், மின்கலப் பெட்டி போன்றவற்றுக்கு அது போதுமானது.

இனி, விலை என்னும் பெரிய எசமானனைப் பார்ப்போம். 1888-ஆம் ஆண்டு பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்தார். முதலில் சைக்கிள், அடுத்து மோட்டார். உலகமே ரப்பர் ரப்பர் என்று அலறிற்று. அன்றைய ரப்பர் அமேசான் காடுகளிலிருந்தும் ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்தும் வந்தது. பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் தனியுடைமையாய் 1908 வரையில் இருந்த காங்கோ நாட்டில், ரப்பர் கொண்டுவரத் தவறிய ஏழை மக்கள் பட்ட கொடுமையை விரித்துரைக்க நா எழவில்லை. 1910-ஆம் ஆண்டில் ஒரு ராத்தல் ரப்பரின் விலை மூன்று டாலரை எட்டிற்று. அந்நாளில் தொழிலகங்கள் கையாண்ட ரப்பரில் ஏறத்தாழப் பாதி மீட்பு ரப்பரே என்பர். கிழிந்த காலணிக்கும் அன்று விலை இருந்தது.

பின் அவ்விலை ஏன் வீழ்ந்தது? இங்கேதான் நம் மக்கள் வரலாற்றுக்குள் வருகின்றனர். 1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனை அடுத்த கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். முளைத்த கன்றுகளிற் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. 1877-ஆம் ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அங்குள்ள தாவரத் தோட்டத்தின் தலைவரான ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். மலாயாவில் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. தோட்டம் எழுந்தால் கை வேண்டுமே? தஞ்சை, திருச்சி, சேலம், வடஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாய்த் தமிழர் கங்காணியின் பின்னே கப்பலேறினர். விடியுமுன் எழுந்து, உளி பிடித்து, மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டினர். உலகின் மோட்டார் வண்டிகள் ஓடிய ரப்பரில் ஒரு பெரும் பங்கு இக்கைகள் சீவிய பாலே.

தோட்டத்துத் தமிழில் ஒரு சொல் உண்டு: ஒட்டுப்பால். முதல் நாள் வெட்டிய கோட்டில் வழிந்து உலர்ந்து ஒட்டிக்கிடக்கும் ரப்பர் நாடா அது. பால் ஏந்தும் கிண்ணத்துக்கு மங்கு என்று பெயர். அதில் தங்கி உறைந்தது கட்டிப்பால். மறுநாள் பால் வெட்டுமுன் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் சேர்க்க வேண்டும். கட்டிப்பாலையும் எடுத்து நிறுக்க வேண்டும். மண்ணில் சிந்தியதைக்கூடப் பொறுக்குவார்கள். மீட்பின் முதல் பாடம் தொழிற்சாலையிலன்று, மரத்தடியிலேயே நடந்தது என்பதற்காகவே இதனைக் கூறுகிறேன்.

தோட்ட ரப்பர் பெருகவும் விலை சரிந்தது. பழைய ரப்பரை வாங்குவார் குறைந்தனர். இச்சரிவைத் தடுக்க ஆங்கில அரசு 1922-ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. 1925-இல் விலை மீண்டும் ராத்தலுக்கு ஒரு டாலரைத் தாண்டிற்று. அமெரிக்கர் வெகுண்டனர். வணிக அமைச்சர் ஹூவர் மக்களைச் சிக்கனம் செய்யத் தூண்டினார். மீட்பு ஆலைகள் மீண்டும் இரவு பகலாய் இயங்கின. 1928-இல் கட்டுப்பாடு நீங்கவே, விலை மறுபடியும் வீழ்ந்தது. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் 1932-ஆம் ஆண்டு ராத்தல் மூன்று சென்ட் அளவுக்கு இறங்கிற்று. மலாயாவில் வேலையிழந்த தமிழர் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றித் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சிங்கப்பூர்ச் சந்தையில் விலை ஏறினால் அமெரிக்காவில் பழைய டயருக்கு மதிப்பு. இறங்கினால் பழைய டயர் குப்பை, பால் வெட்டியவனும் வேண்டாதவன். இரண்டுக்கும் இடையே இப்படியொரு கயிறு கட்டியிருந்தது.

அக்கயிறு ஒருநாள் அறுந்தது. 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் ஜப்பானியர் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கினர். 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவும் கிழக்கிந்தியத் தீவுகளும் பகைவர் கைப்பட்டன. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஒரே பருவத்தில் நின்றுபோயிற்று. டாங்கிக்கு ரப்பர் வேண்டும், விமானத்துக்கு வேண்டும், போர்க்கப்பலுக்கும் வேண்டும். கையிருப்போ ஏறத்தாழ ஓராண்டுச் செலவுக்குப் போதியது. அந்நாட்டில் போர்க்காலத்தில் முதன்முதல் பங்கீட்டுக்கு உட்பட்ட பொருள் சர்க்கரையுமன்று, இறைச்சியுமன்று, டயரே. 1942 ஜனவரி முதலே அனுமதிச் சீட்டு இல்லாதார்க்குப் புது டயர் கிடையாது.

ஜூன் திங்களில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். வானொலியின் ஆற்றலை அவரைப்போல் உணர்ந்த ஆட்சியாளர் சிலரே. பழைய டயர், மழையங்கி, தோட்டக் குழாய், ரப்பர்க் காலணி, குளியல் தொப்பி, கையுறை, எதுவாயினும் ரப்பராலானது வீட்டில் கிடந்தால் அண்மையிலுள்ள பெட்ரோல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று வேண்டினார். ராத்தலுக்கு ஒரு சென்ட் விலை. ஜூன் 15 முதல் 30 வரை இரண்டு வாரம். மேலே நான் கூறிய நாளை நினைவிற் கொண்டவர்கள் கவனித்திருப்பீர்கள்: குட்இயர் காப்புரிமை பெற்றதும் ஒரு ஜூன் 15-ஆம் நாளே. இது தற்செயலாகவே இருக்கலாம்.

நாடு முழுவதும் திருவிழாப்போல் ஆயிற்று. சாரணச் சிறுவர்கள் கைவண்டிகளோடு தெருத்தெருவாய்ச் சென்றனர். பெட்ரோல் நிலையங்களின் முன்னே டயர்கள் மலைபோல் குவிந்தன. அவற்றினிடையே குழந்தைகளின் பொம்மைகளும் கிடந்தன. பெட்ரோல் துறையை மேற்பார்த்த அமைச்சர் இக்கீஸ், வெள்ளை மாளிகையிலிருந்த ரப்பர் மிதியடி ஒன்றையே எடுத்துத் தம் காரில் போட்டுக்கொண்டார் என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. இரண்டு வாரம் போதாதென்று ஜூலை 10 வரை நீட்டினர். இறுதியில் சேர்ந்தது சுமார் 4,50,000 டன்.

இவ்வளவும் வெற்றியா? இங்கே வரலாற்று மாணவர் சற்று ஐயத்தோடு பார்க்க வேண்டும். சேர்ந்ததில் பெரும்பகுதி பலமுறை தேய்ந்த சரக்கு. அத்தனையையும் உடனே மீட்கும் ஆற்றல் ஆலைகளுக்கு இல்லை. மீட்டாலும் அது டாங்கியின் சக்கரத்துக்கு ஆகாது. மேலே கண்டோமே, இழைகள் அறுந்த ரப்பர் அது. மக்கள் ஊக்கம் பெற்றனர் என்பது உண்மை. ஆனால் ஊக்கம் மூலக்கூற்றின் இயல்பை மாற்றாது. ஆகவே ரூஸ்வெல்ட் மூவர் குழு ஒன்றை அமைத்தார். நிதியறிஞர் பெர்னார்டு பாருக் தலைவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக் கொனன்ட், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக் காம்ப்டன் ஆகிய இரு அறிவியலாளர் உறுப்பினர். 1942 செப்டம்பர் 10-ஆம் நாள் வந்த அவர்தம் அறிக்கை, பழையதைச் சேர்ப்பதினும் இருப்பதைத் தேயாமற் காப்பதே முதற்கடமை என்று எடுத்துரைத்தது. மணிக்கு 35 மைலுக்கு மேல் எவரும் ஓட்டலாகாது; நாடு முழுவதும் பெட்ரோலைப் பங்கிட வேண்டும். பெட்ரோல் கிடைக்காமையால் அன்று. பெட்ரோல் குறைந்தால்தான் ஓட்டம் குறையும், ஓட்டம் குறைந்தால்தான் டயர் பிழைக்கும் என்பதனால்! அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த ஊர்களிலும் சீட்டுக்குத்தான் பெட்ரோல். இவ்வளவு துணிவான சிக்கனத்தைச் சமாதான காலத்தில் எந்த நாடும் மேற்கொண்டதாக நான் படித்ததில்லை.

குழுவின் மற்றொரு பரிந்துரை செயற்கை ரப்பர். பெட்ரோலியத்திலிருந்தும் சாராயத்திலிருந்தும் எடுத்த பொருள்களைப் பிணைத்து அதனைச் செய்யலாம். பொதுப் பயனுக்கான இவ்வகை ரப்பர் 1941-ஆம் ஆண்டு முழுவதும் அமெரிக்காவில் 231 டன்னே உண்டாயிற்று. 1945-இல் திங்களுக்கு 70,000 டன். அறிவியல் வரலாற்றில் இதனை ஒரு பெருஞ்செயலாகவே கொள்ள வேண்டும்.

அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களில் என்ன நடந்தது? வாங்குவார் இன்றிப் பால் மரங்கள் வெட்டப்படாமல் நின்றன. கூலியும் அரிசியும் இல்லை. 1942-இலும் 1943-இலும் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு இருப்புப்பாதை போடத் தோட்டத்துத் தமிழரைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுசென்றனர். வாந்திபேதியிலும் பட்டினியிலும் அடியிலும் அவர்கள் மாண்டனர். சயாம் மரண ரயில் என்று இன்றும் மலேசியத் தமிழர் நடுக்கத்தோடு கூறுவது அதனையே. ரப்பர் இல்லாமையால் ஒரு நாடு மெல்ல வண்டி ஓட்டிற்று. ரப்பர் விலைபோகாமையால் மற்றொரு நாட்டில் அதனைச் சீவியவர் உயிரிழந்தனர். முன்னதைப் பற்றி நூல்கள் பல. பின்னதன் பெயர்ப்பட்டியல்கூட முழுமையாக இல்லை.

நம் மாகாணத்திலும் அப்போர்க்காலத் தட்டுப்பாடு உறைத்தது. மதுரையில் பேருந்துத் தொழில் நடத்திய டி. வி. சுந்தரம் அய்யங்கார், பெட்ரோல் பஞ்சத்தைச் சமாளிக்கக் கரி எரித்து வண்டி ஓட்டும் வாயுக் கருவியை உருவாக்கினார். பழைய டயர்களுக்குப் புதிய மேற்பட்டை ஒட்டும் தொழிற்சாலையையும் நிறுவினார். மேற்பட்டை ஒட்டுதல் என்பது என்ன? டயரில் தேய்வது தரையைத் தொடும் மேற்பகுதி மட்டுமே. உடற்கட்டு உறுதியாகவே இருக்கும். தேய்ந்ததைச் சுரண்டி, புதிய ரப்பர்ப் பட்டையைப் பதித்து, அச்சில் வைத்துச் சூடேற்றினால் டயர் மறுபிறப்பு எடுக்கிறது. 'ரீட்ரெட்' என்று லாரிக்காரர் சொல்வது இதுவே. நாமக்கல், சங்ககிரி வட்டாரத்து லாரிகளைப் போய்ப் பாருங்கள். ஒரே உடற்கட்டு பலமுறை பட்டை மாற்றிக்கொண்டு ஓடுவதைக் காண்பீர்கள். எல்லா மீட்பு முறைகளிலும் இதுவே சிறந்தது என்பது என் துணிபு. இங்கே டயர் டயராகவே இருக்கிறது. பொடியாவதும் இல்லை, புகையாவதும் இல்லை.

போர் முடிந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. செயற்கை ரப்பர் மலிந்தது. இயற்கை ரப்பரும் திரும்பிற்று. பலவகை ரப்பர் கலந்த டயரைப் பழைய முறையில் மீட்பது கடினம். அதன்மேல் எஃகுக் கம்பி பின்னிய ரேடியல் டயரும் வந்தது. அரைக்கும் பொறியின் பற்களே உடைந்தன. மேனாடுகளில் மீட்பு ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடின. முன்பு விலைகொடுத்து வாங்கிய பழைய டயரை, இப்போது எடுத்துச் செல்வதற்கு விலை கொடுக்கும்படியாயிற்று. எடுத்துச் சென்றவர் என்ன செய்தார்? ஊருக்கு வெளியே குவித்தார்.

அக்குவியல்களின் கதையைச் சுருங்கச் சொல்கிறேன். 1983-ஆம் ஆண்டு அக்டோபர் 31-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வின்செஸ்டர் அருகே பல லட்சம் டயர்கள் கொண்ட குவியல் ஒன்றில் எவரோ தீ வைத்தனர். அது ஒன்பது திங்கள் கனன்றது. எரிந்த டயர்களிலிருந்து எண்ணெய் ஓடையாய் வழிந்தது. 1990 பிப்ரவரியில் கனடாவின் ஹேகர்ஸ்வில் ஊரில் பதினேழு நாள் எரிந்தது. தண்ணீர் ஊற்றினால் அணையாது. வளைந்த டயரின் உள்ளே காற்று தங்கித் தீயை வளர்க்கும். நெருப்பில்லாவிட்டால் நீர். டயரின் வளைவில் தேங்கும் மழைநீர் கொசுவுக்கு ஏற்ற தொட்டில். ஆசியப் புலிக்கொசு 1985-ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தில் காலூன்றியது கப்பலில் வந்த பழைய டயர்களின் வழியே என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. டெங்குப் பருவத்தில் நம் நகராட்சி ஊழியர் மொட்டைமாடியில் ஏறி முதலில் தேடுவது பழைய டயரையே என்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

நல்லெண்ணமும் சில வேளை பிழைத்தது. 1970-களில் புளோரிடாக் கடலில், மீனுக்கு உறைவிடமாகும் என்று நம்பி, சுமார் இருபது லட்சம் டயர்களைக் கட்டுக்கட்டாய் இறக்கினர். பொன்வண்ணம் பூசிய டயர் ஒன்றை வான்கப்பலிலிருந்து எறிந்து விழா எடுத்தனர்! கட்டுகள் உப்புநீரில் அரித்து அறுந்தன. அலையில் உருண்ட டயர்கள் அருகிலிருந்த உயிருள்ள பவளப்பாறைகளை மோதி நொறுக்கின. பின்னர் 2007 முதல் இராணுவ முக்குளிப்போரை இறக்கி அவற்றை எடுக்க வேண்டியதாயிற்று.

இவ்விபத்துகளுக்குப் பின்னரே சட்டங்கள் வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் முழு டயரையும் 2006-இல் துண்டாக்கிய டயரையும் நிலத்தில் புதைப்பதைத் தடுத்தது. நம் நாட்டில் 2022 ஜூலையில் வந்த விதிகள், டயர் செய்பவரும் இறக்குமதி செய்பவருமே பழைய டயரின் மீட்புக்குப் பொறுப்பாவர் என்றன. முதலாண்டில், 2020-21-இல் செய்ததில் நூற்றுக்கு 35 பங்கு. அடுத்த ஆண்டில் 70. அதன்பின் முழுமையும் என்று படிப்படியாய்ப் பொறுப்பு ஏறியது. எரிஎண்ணெய் வடிப்பதற்காக அயல்நாட்டுப் பழைய டயரை இறக்குமதி செய்வதையும் அவ்விதிகள் தடுத்தன. விதி எழுதுவது எளிது. ஊர்ப்புறத்துக் கொட்டகையில் மூடிய கலத்தில் டயரை வேகவைத்து எண்ணெய் எடுப்பவன் வாயிலிருந்து கிளம்பும் கரும்புகை வேறு கதை. அங்கு வேலை செய்யும் எளியவரின் மூச்சுக்குழலையும் கணக்கில் சேர்த்தால்தான் அந்த எண்ணெயின் உண்மை விலை தெரியும். போகிப் பண்டிகையன்று டயர் கொளுத்த வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுவதும் இப்புகையை எண்ணியே.

இன்று பழைய டயர் செல்லும் வழிகள் சில. பட்டை மாற்றிக்கொண்டு மீண்டும் சாலைக்குச் செல்வது ஒன்று. மீட்பு ரப்பராவது மற்றொன்று; மேனாடுகள் கைவிட்ட இத்தொழிலை நம் நாட்டு ஆலைகள் விடாமல் நடத்திவருகின்றன. பொடியாகித் தாரோடு கலந்து சாலையாவது இன்னொன்று. 1960-களில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரப் பொறியாளர் சார்லஸ் மக்டொனால்டு, வெடித்த சாலைக்கு ஒட்டுப்போட டயர்ப் பொடியும் சூடான தாரும் கலந்து பார்த்தார். அவ்வொட்டு வெயிலுக்கும் பாரத்துக்கும் தாங்கிற்று. நம் நெடுஞ்சாலைகளிலும் இக்கலவை புழங்குகிறது. நான்காவது வழி, சிமெண்டு ஆலையின் சூளையில் நிலக்கரிக்குப் பதிலாய் எரிவது. இதனையும் சிலர் மறுசுழற்சிக் கணக்கில் எழுதுகின்றனர். நான் அதனை ஏற்பதில்லை. எரிந்தது திரும்பி வாராது. அது வட்டமன்று, சற்றுப் பயனுள்ள முடிவு, அவ்வளவே.

அறிஞர்கள் 2020-ஆம் ஆண்டில் மற்றொரு செய்தியையும் வெளியிட்டனர். டயர் வெடிக்காதிருக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு கூடி நஞ்சாய் மாறுகிறது. தேய்மானத் துகளோடு மழைநீரில் கலந்து ஓடைக்குச் சென்று, அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் ஒருவகை சால்மன் மீனைக் கொல்கிறது. தேய்ந்த டயரை நாம் திரட்டலாம். தேய்ந்து போன பகுதியை எவர் திரட்டுவார்? அது சாலையோரத்து மண்ணில் ஏற்கெனவே கலந்துவிட்டது.

குட்இயரின் அடுப்பில் விழுந்த கந்தகப் பாலத்தை, இழை அறுபடாமல் பாலத்தை மட்டும் அறுக்கும் வழியை, இன்றும் ஆய்வுக்கூடங்களில் தேடுகிறார்கள். நுண்ணலையால் முயல்கிறார்கள், ஒலியலையால் முயல்கிறார்கள், கந்தகத்தைத் தின்னும் நுண்ணுயிர்களை டயர்ப் பொடியின்மேல் வளர்த்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றும் ஓரளவு பலிக்கிறது. எதுவும் இன்னும் ஹான்காக்கின் ஊறுகாய்ப் பொறி பச்சை ரப்பரைத் திரட்டியதுபோல் எளிதாய்ச் சுட்ட ரப்பரைத் திரட்டவில்லை. கல்லூரியில் வேதியியல் பயிலும் நேயர்கள் எவரேனும் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தால், 1839-இல் விழுந்த அந்த முடிச்சு இன்னும் அவிழாமலே காத்திருக்கிறது என்பதை அவர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.